பம்பை மறைக்காதீங்க, எண்ணுங்க!

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வாணியம்பாடிக்கு பொண்ணு பார்க்கப் போயிருந்தோம். (இருங்க, இருங்க... அவசரப்பட்டு வாழ்த்து சொல்லிடாதீங்க. மேட்டர் அது இல்ல.) ஆம்பூர்ல எங்க வீட்டுலேர்ந்து கிளம்பும்போதே அம்மா ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க. "அந்த பம்பை சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு வராதடா. துருத்திக்கிட்டு தெரியும். கார்லயே இருக்கட்டும்." நானும் நல்ல புள்ளையா கார்லயே வெச்சுட்டு இறங்கினேன்.

உள்ள நுழைஞ்சா வீடு பூரா சாம்பிராணிப் புகை. வெள்ளிக்கிழமை இல்லையா, மணக்க மணக்க போட்டிருக்காங்க. பஜ்ஜி தட்டு கைக்கு வர்றதுக்குள்ள நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்த ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அந்த பூனைக்குட்டியை நல்லாத் தெரியும். "ஒரு நிமிஷம், ஆபீஸ்லேர்ந்து கால்" னு சொல்லி, அடிக்காத போனை காதுல வெச்சுக்கிட்டு வெளிய ஓடினேன். காருக்குள்ள குனிஞ்சு உக்காந்து ரெண்டு பஃப் இழுத்தப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. நல்லா படிச்சு, நல்ல வேலையில இருக்கற ஒருத்தன், திருட்டு தம் அடிக்கற ஸ்கூல் பையன் மாதிரி மருந்து எடுத்துக்கிட்டிருக்கான்.

வீட்டுக்கு வந்தும் சிரிப்பு போயி கடுப்புதான் மிச்சம். அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

எங்க ஊருப் பக்கம் கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்தா பக்கத்து இலைக்காரர் தானாவே சொல்வார்: "எனக்கு பாயசம் வேணாம்பா, ஃபாஸ்டிங் 160 இருக்கு." எதிர்ல இருக்கறவர் "எனக்கு 180, நான் சாப்பிடலையா" ம்பார். சுகருக்கும் பிபிக்கும் ஒரு நம்பர் இருக்கு, அதை சபையில சொல்றதுல வெக்கம் கிடையாது. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அந்த மாத்திரைங்க வீட்டு வாசலுக்கே வருது. ஆஸ்துமான்னு வந்தா மட்டும் பேரையே மாத்திடறோம். "லேசா வீசிங்", "சளித் தொந்தரவு", "டஸ்ட் அலர்ஜி", "குளிர் ஒத்துக்காது". டாக்டரே சமயத்துல ஆஸ்துமாங்கற வார்த்தையை சொல்லத் தயங்கறார், சொன்னா பேஷன்ட் வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்கன்னு.

இதனால என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேட்டா... நிறைய. உலக நோய்ச்சுமை ஆய்வோட 2019-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவுல சுமார் 3.4 கோடி ஆஸ்துமாக்காரங்க இருக்கோம். உலகத்துல இருக்கற ஆஸ்துமாக்காரங்கள்ல இது 13 சதவீதம். ஆனா உலகத்துல ஆஸ்துமாவால சாகறவங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல இந்தியாவுல! நம்ம பேர்ல இருக்கற நோயை விட நம்ம பேர்ல இருக்கற சாவு மூணு மடங்கு. மருந்து இல்லாத நாடா இது? உலகத்துக்கே இன்ஹேலர் பண்ணி அனுப்பற நாடு.

சரி, பம்புக்கு எதிரா நம்ம ஜனங்க சொல்ற குற்றச்சாட்டு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் குற்றச்சாட்டு: "பம்ப் இங்கிலீஷ்காரன் சமாச்சாரம்." மருந்தை நுரையீரலுக்கே இழுக்கறது ஒண்ணும் நமக்கு புதுசு இல்ல சாமி. ஊமத்தையை உலர்த்தி புகையா இழுக்கற வைத்தியம் நம்ம மெட்ராஸ்லேர்ந்துதான் 1802 வாக்குல இங்கிலாந்துக்குப் போச்சு. மெட்ராஸ்ல தலைமை மருத்துவரா இருந்த ஆண்டர்சன் சொல்லி, ஜெனரல் ஜென்ட்ங்கற ராணுவ அதிகாரி கொண்டு போனார். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல வெள்ளைக்காரன் ஊமத்தை சிகரெட் பிடிச்சுத்தான் இழுப்பை சமாளிச்சான். (யாரும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, ஊமத்தை விஷம். அளவு தப்பினா ஆள் காலி.) அதே குடும்பத்து ரசாயனத்தை அளவு கட்டி மாத்தினதுதான் இன்னிக்கு நெபுலைசர்ல ஊத்தற இப்ராட்ரோபியம். இப்ப நம்ம கையில இருக்கற பம்ப் வந்த கதை இன்னும் சுவாரசியம். 1955-ல அமெரிக்காவுல ரைக்கர் மருந்துக் கம்பெனி தலைவர் ஜார்ஜ் மேசனோட 13 வயசுப் பொண்ணு, "ஹேர் ஸ்ப்ரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தும் ஒரு டப்பாவுல வரக்கூடாதா?" ன்னு கேட்டிருக்கா. அடுத்த வருஷம், 1956-ல பம்ப் கடைக்கு வந்துடுச்சு. அவ மருந்தை மறைக்கணும்னு நினைக்கல. சுலபமா எடுத்துக்கிட்டு போகணும்னுதான் கேட்டா.

ரெண்டாவது குற்றச்சாட்டு: "பம்புல ஸ்டீராய்டு இருக்கு." ஆமா, இருக்கு. தினமும் எடுக்கற தடுப்பு மருந்து பம்புல இருக்கறது ஸ்டீராய்டுதான். எவ்ளோ இருக்குன்னு யாராவது கணக்குப் போட்டீங்களா? ஒரு பஃப்ல புடசொனைட் 200 மைக்ரோகிராம். அதே மனுஷன் பம்புக்கு பயந்துக்கிட்டு மெடிக்கல் ஷாப்புல "இளைப்புக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா" ன்னு வாங்கற பிரெட்னிசலோன் 10 மில்லிகிராம். அதாவது 10,000 மைக்ரோகிராம். எடையில மட்டுமே ஐம்பது மடங்கு, அதுவும் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க சுத்தும். அதுவும் வேணாம்னு தெருமுனை கிளினிக்ல போய் "டெரிபில்லின் ஊசி" போட்டுக்கறாரே, அது கூடவே பல சமயம் டெக்ஸாவும் சேர்ந்து ஏறும். டெக்ஸாவும் ஸ்டீராய்டுதான் அண்ணே! ஸ்டீராய்டுக்கு பயந்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டு, "நாம பம்ப் பழக்கம் இல்லப்பா" ன்னு பெருமையா வேற சொல்லிக்கறோம். அவசரத்துல டாக்டர் பார்த்து குடுக்கற மாத்திரையையோ ஊசியையோ நான் குறை சொல்லல. அது உயிர் காக்கும். மாசாமாசம் அதுலயே ஓட்டறதைத்தான் சொல்றேன்.

மூணாவது: "பழகிட்டா விட முடியாது." கண்ணாடி போட்டா விட முடியுதா? மாத்திரை பழகுது, இன்சுலின் பழகுது. உண்மையில பழகறது நோய்தான், அது ஏற்கனவே வீட்டுல சட்டமா உக்காந்திருக்கு.

இப்படி பெரிய மனுஷன் மாதிரி பேசறேனே, நான் ஒழுங்கான்னு கேட்டா, இல்லீங்க. சின்ன வயசுல இளைப்பு இருந்துச்சு, காலேஜ் படிக்கும்போது காணாம போச்சு. "வயசுக்கு வந்தா சரியாயிடும்" னு பாட்டி சொன்னது பலிச்சிடுச்சுன்னே நினைச்சேன். சென்னையில வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம் திரும்பி வந்துச்சு. வந்ததும் நீலக் கலர் பம்ப் ஒண்ணு வாங்கினேன். சால்புட்டமால், கடையில அஸ்தாலின்னு கேட்டா குடுப்பாங்க. அடிச்சா அஞ்சு நிமிஷத்துல மூச்சு திறக்கும், நாலஞ்சு மணி நேரம் தாங்கும். ஆஹா, இவ்ளோதானா ஆஸ்துமான்னு நினைச்சு ஒண்ணரை வருஷம் அதுலயே ஓட்டினேன். ஆபீஸ்ல பாத்ரூம்ல போய் அடிப்பேன். ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ஊருக்கு வரும்போது கதவுப் பக்கம் நின்னு அடிப்பேன். யாருக்கும் தெரியாது. "மேனேஜ்" பண்றேனாம்.

ஒரு டிசம்பர் ராத்திரி, ஊர்ல இருந்தப்ப, மூணு மணிக்கு எழுந்து உக்காந்தேன். பம்ப் அடிச்சேன், கேக்கல. மறுபடி அடிச்சேன், கேக்கல. "அம்மா" ன்னு கூப்பிட காத்து இல்ல. டம்ளரைத் தட்டி விட்டுத்தான் எழுப்பினேன். வேலூர் போற வழி பூரா அப்பா ஒரு வார்த்தை பேசல, என் முதுகுல கை வெச்சுக்கிட்டே வந்தார். மாஸ்க் மாட்டி, நெபுலைசர் வெச்சு, ஊசி போட்டு, விடிஞ்சதும் ஒரு டாக்டரம்மா வந்தாங்க. திட்டுவாங்கன்னு பார்த்தா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "வருஷத்துக்கு எத்தனை நீல பம்ப் காலி பண்றீங்க?"

தெரியல. சாப்ட்வேர் இன்ஜினியர். ஆபீஸ்ல ஒரு சர்வர் எத்தனை மில்லி செகண்ட் தாமதமாச்சுன்னு கிராஃப் போட்டு வெச்சிருக்கேன். என் மூச்சுக்கு கணக்கு இல்ல. அப்புறம் சென்னை ரூம்ல டிராயரை குடைஞ்சு எண்ணினேன். ஒரு வருஷத்துக்கு ஏழு.

ஏழுன்னா என்ன அர்த்தம்னு டாக்டரம்மா விளக்கினாங்க. ஒரு பம்புல 200 பஃப். வருஷத்துக்கு மூணு பம்ப் போனாலே பெரிய அட்டாக் வர்ற ஆபத்து கூடுது. பன்னெண்டு, அதாவது மாசம் ஒண்ணுன்னு போனா சாவு ஆபத்தே கூடுது. இங்கிலாந்துல ஆஸ்துமாவால செத்துப் போன 195 பேரோட கேஸை எடுத்து அலசி 2014-ல ஒரு அறிக்கை விட்டாங்க. நீல பம்ப் வாங்கின கணக்கு கிடைச்சவங்கள்ல 39 சதவீதம் பேர் கடைசி வருஷத்துல பன்னெண்டுக்கு மேல வாங்கியிருந்தாங்க. நீல பம்ப் மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கற தசையை தளர்த்தும், அவ்ளோதான். உள்ள வீங்கிக் கிடக்கற சவ்வை அது தொடவே தொடாது. வீட்டுல தீ பிடிச்சு எரியும்போது ஜன்னலை மட்டும் திறந்து விடற மாதிரி. புகை போகும், தீ இருக்கும். அந்தத் தீயை அணைக்கறதுதான் தினசரி எடுக்கற ஸ்டீராய்டு பம்ப். உலக அளவுல ஆஸ்துமாவுக்கு வழிகாட்டற ஜினா அமைப்பு 2019-லேயே சொல்லிடுச்சு: பெரியவங்க நீல பம்பை மட்டும் வெச்சு வைத்தியம் பண்றது இனிமே கூடாது.

அன்னிலேர்ந்து காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஃபார்மோடெரால், புடசொனைட் ரெண்டும் கலந்த பம்ப். ஸ்பேசர் வெச்சு மெதுவா இழுத்து, பத்து வரைக்கும் எண்ணி, வாய் கொப்பளிச்சு துப்பிடணும். கொப்பளிக்கலைன்னா வாய்ல வெள்ளை படியும். (பவுடர் கேப்சூல் மெஷின் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கேப்சூலை முழுங்கக் கூடாது, மெஷின்ல போட்டு இழுக்கணும், அதுவும் வேகமா. எங்க சித்தப்பா ஒரு வாரம் தண்ணி விட்டு முழுங்கிட்டு "மருந்து வேலை செய்யலை" ன்னு டாக்டரைத் திட்டினார்.) நீல பம்ப் இப்ப வருஷத்துக்கு ஒண்ணுகூட முழுசா காலியாகறதில்ல. போன மாசம் காருக்குள்ள அடிச்சது, அந்த மாசத்துக்கே அது ஒரு தடவைதான்.

நம்பரும் வந்துடுச்சு எனக்கு. பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய், சில நூறு ரூபாதான். முழு மூச்சா 'ஃபூ' ன்னு ஊதினா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வேகம்னு முள் காட்டும். என்னோட பெஸ்ட் 520. அதுல 80 சதவீதம், அதாவது 416-க்கு மேல இருந்தா ஓகே. பாதிக்கு கீழ, 260-க்கு கீழ போனா பேசாம ஆஸ்பத்திரிக்கு கிளம்ப வேண்டியதுதான். சுகர்காரருக்கு ஃபாஸ்டிங் மாதிரி எனக்கு இது. பந்தியில சொல்லிக்கலாம்!

இங்கதான் எங்க மாமா வர்றார். அக்காவோட வீட்டுக்காரர். டேனரியில, எங்க ஊர் பாஷையில தோல் ஷாப்புல, ஃபினிஷிங் செக்ஷன்ல ஸ்ப்ரே வேலை. ரெடியான தோல் மேல கலரும் லாக்கரும் அடிக்கற வேலை. கான்ட்ராக்ட் ஆள். மூணு வருஷமா சாயந்திரம் ஆனா இருமல், ராத்திரி இளைப்பு. நாப்பது வயசு வரைக்கும் தும்மல் கூட போடாத மனுஷன். "ஊரு நாத்தம் மச்சான், யாருக்குத்தான் இல்ல" ம்பார்.

நாத்தம்னதும் ஒண்ணு சொல்லியாகணும். கண்ணை மூடிக்கிட்டு டிரெயின்ல வந்தாலும் மூக்கை வெச்சே இறங்கற ஸ்டேஷன் எதுன்னு சொல்லிடலாம்னு எங்களை கிண்டல் பண்ணுவாங்க. அந்த நாத்தத்தை வெச்சு நாமளும் ஆபத்தை அளந்துக்கறோம். அது தப்பு. தோல் முடி நீக்கற சோடியம் சல்பைடுலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் சல்பைடு முதல்ல அழுகின முட்டை வாடை அடிக்கும். அளவு ரொம்ப கூடினா மூக்கோட வாசனை உணர்வையே அது மரத்துப் போக வெச்சிடும், வாடை போயிடுச்சுன்னு ஆள் தொட்டிக்குள்ள இறங்குவான். ஃபினிஷிங்ல பாலியூரித்தேன் பூச்சு கெட்டியாகறதுக்கு சேர்க்கற ஐசோசயனேட்டும், ஷூ கம்பெனியில சோல் ஒட்டற பசைக்கு கலக்கற ஹார்டனர்ல இருக்கற ஐசோசயனேட்டும் இதுக்கு நேர் எதிர். வாடையே தெரியாத அளவுலயே அது நெஞ்சுல வேலையை ஆரம்பிச்சிடும். வேலை இடத்துல வர்ற ஆஸ்துமாவுக்கு உலக அளவுல முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு அது. ஒரு தடவை உடம்பு அதை எதிரியா பதிவு பண்ணிட்டா, அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். துணி மாஸ்க்கோ சர்ஜிகல் மாஸ்க்கோ ஆவியை நிறுத்தாது.

மாமாகிட்ட என்னோட மீட்டரை குடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு வேளை ஊதி நோட்டுல எழுதச் சொன்னேன். பொங்கல் லீவும் சேர்த்து நாலு வாரம். அவரும் சிரிச்சுக்கிட்டே எழுதினார். நான் எக்செல்ல போட்டேன். திங்கக்கிழமை காலைல 430. புதன் சாயந்திரம் 350. சனிக்கிழமை ராத்திரி 310. ஞாயித்துக்கிழமை லேசா ஏறும். பொங்கலுக்கு நாலு நாள் வீட்டுல இருந்தப்ப 440-க்கு வந்துச்சு, அதுவும் போகிப் புகையைத் தாண்டி! திரும்ப வேலைக்குப் போன மூணாம் நாள் மறுபடி 340. நாலு வாரமும் ரம்பப் பல்லு மாதிரி ஒரே வடிவம். ஊரு நாத்தம்னா ஞாயித்துக்கிழமையும் ஊருக்குள்ளதானே இருந்தார்? வீடு அதே வீடு, தெரு அதே தெரு. மாறினது ஸ்ப்ரே மெஷின் மட்டும்தான்.

டாக்டர்கிட்ட காட்டினோம். இன்னும் சில டெஸ்ட் எடுத்துட்டு, தினசரி பம்ப் எழுதிக் குடுத்தார், ஸ்ப்ரே வேலையை விடச் சொன்னார். சீக்கிரம் விலகினா தேற வாய்ப்பு அதிகம், வருஷக்கணக்குல இழுத்துட்டா விலகினாலும் போகாதுன்னார். மாமாவுக்கு அந்த சார்ட்டை கம்பெனியில காட்ட பயம். "வீசிங் கேஸுன்னு நாளைக்கே வர வேணாம்னுடுவான் மச்சான். உனக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்து கோடு போடுற" ன்னார். சுருக்குன்னுச்சு, ஆனா அதுல தப்பில்ல. கடைசியில சூப்பர்வைசர்கிட்ட "மூட்டு வலி, நின்னு வேலை செய்ய முடியல" ன்னு பொய் சொல்லி பேக்கிங்குக்கு மாறிட்டார். பேக்கிங்ல ஓவர்டைம் இல்ல. மாசம் சில ஆயிரம் குறைஞ்சு போச்சு. அக்கா ஒரு சீட்டை நிறுத்திட்டா. மூச்சு இப்ப 450.

மறைச்சதாலதான் தப்பிச்சார், அப்புறம் ஏன்டா மறைக்காதேங்கறன்னு நீங்க கேக்கலாம். மாமா தப்பிச்சார். அவர் இடத்துல இப்ப இருபத்தி ரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் நிக்கறான். மூட்டு வலின்னு எழுதின இடத்துக்கு யாரும் வந்து காத்தை அளந்து பார்க்க மாட்டாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் கூட மாறாது.

எண்ணினா என்ன நடக்கும்ங்கறதுக்கு எங்க ஊரே உதாரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு குடுத்த தீர்ப்பு சட்டம் படிக்கற எல்லாருக்கும் பாடம். மாசு பண்றவனே செலவையும் ஏத்துக்கணும்ங்கற கொள்கை இந்திய சட்டத்துல வேரூன்றினது இந்தத் தீர்ப்புலதான். அந்தத் தீர்ப்புல எண்ணிக்கை இருக்கு. ஒரு கிலோ தோலுக்கு எத்தனை லிட்டர் தண்ணி, கெட்டுப் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர், எந்தக் கிராமத்துல எத்தனை கிணறுன்னு அளந்து எழுதின கணக்கை வெச்சுத்தான் கோர்ட்டு பேசுச்சு. பாலாறு இன்னும் தேறலைங்கறது வேற சோகம். 2025 ஜனவரி 30-ம் தேதி மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டு இதே ஆத்துக்காக தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. ஆனா தண்ணியைப் பத்திப் பேச ஒரு கணக்காவது இருக்கு. ஷெட்டுக்குள்ள மூச்சு விடறவனோட நுரையீரலுக்கு என்ன கணக்கு இருக்கு? "வீசிங்", "சளி", "மூட்டு வலி".

கராச்சியில, கோரங்கிங்கற தோல் தொழில் பகுதியில, எண்ணிப் பார்த்திருக்காங்க. 641 ஆம்பளைத் தொழிலாளிங்களை கேட்டதுல 10.8 சதவீதம் பேருக்கு ஆஸ்துமான்னு 2006-ல வெளியான ஆய்வு சொல்லுது. பத்துல ஒருத்தர். அதே தோல், அதே கெமிக்கல். எங்க பெல்ட்டுல ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு அத்தனை ஷெட்டு இருக்கு. ஷூ கம்பெனியில பாதிக்கு மேல பொம்பளைங்க. அவங்க ஒளிச்சு வெக்கறது நான் ஒளிச்சதை விட பத்து மடங்கு, கல்யாண மார்க்கெட்டுல ஒரு பையனோட பம்பை மன்னிக்கற ஊர் பொண்ணோட பம்பை மன்னிக்காது.

"தொழிலை மூடச் சொல்றியா?" ன்னு ஒரு கோஷ்டி வரும். இல்லீங்க. எங்கப்பா ஒரு டேனரியில கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். நான் இன்ஜினியரிங் படிச்ச ஃபீஸ் அந்தத் தோல்லேர்ந்து வந்த காசு. நான் கேக்கறது ரொம்ப சின்ன விஷயம். ஒவ்வொரு கம்பெனி முதலுதவி ரூம்லயும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், ஒரு நோட்டு. வேலைக்கு சேரும்போது ஒரு நம்பர், ஸ்ப்ரேலயும் பேஸ்டிங்லயும் இருக்கறவங்களுக்கு அப்பப்ப ஒரு நம்பர். நம்பர் இறங்கினா ஆளை இடம் மாத்தணும், சம்பளத்தை இறக்கக் கூடாது. ஒரு ஜோடி ஏற்றுமதி ஷூ விலையை விட மீட்டர் விலை கம்மி. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி கழிவுநீர் பேப்பர் கேக்கறான்ல, இந்த நோட்டையும் கேக்கட்டும்.

இன்னொரு கோஷ்டி "ஜூன் மாசம் ஹைதராபாத் போ, விரால் மீன் மருந்து முழுங்கு, எல்லாம் சரியாயிடும்" பாங்க. மிருகசீரிஷ கார்த்தி அன்னிக்கு பத்தினி குடும்பத்தார் உயிர் மீன் வாய்ல மருந்து வெச்சு இலவசமா குடுக்கறது, காட்பாடியிலேர்ந்து டிரெயின் ஏறிப் போறவங்க எங்க தெருவுலயே உண்டு. நம்பிக்கையை நான் கிண்டல் பண்ணல. ஆடாதோடையை வேணாம்னும் சொல்லல, அதுல இருக்கற வாசிசின்லேர்ந்துதான் சளி மருந்து புரோம்ஹெக்சின் பிறந்துச்சு. போறவங்க போங்க. போறதுக்கு முன்னாடி ஒரு மாசமும் வந்தப்புறம் ஒரு மாசமும் மீட்டர்ல ஊதி எழுதி வெச்சுப் பாருங்க. அவ்ளோதான். பம்பை மட்டும் நடுவுல நிறுத்தாதீங்க.

சே குவேரா டி-ஷர்ட் போட்டுக்கிட்டு பதிவு எழுதற தோழர்களுக்கு ஒரு சேதி: ஆளுக்கு சின்ன வயசுலேர்ந்தே ஆஸ்துமா. 1967 ஆகஸ்ட்ல பொலிவிய ராணுவம் அவர் ஒளிச்சு வெச்சிருந்த குகையைக் கண்டுபிடிச்சு மருந்தையும் அள்ளிக்கிட்டுப் போனப்புறம் மனுஷன் பட்ட பாடு அவர் டைரியிலயே இருக்கு. பிரியங்கா சோப்ரா 2018-ல "எனக்கு ஆஸ்துமா" ன்னு ஊரறிய சொல்லிட்டாங்க. நம்ம சட்டைப் பாக்கெட்டுக்கு என்ன கேடு?

வாணியம்பாடி கதையை முடிச்சிடறேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணுகிட்ட பேசச் சொன்னாங்க. போன்ல முதல் அஞ்சு நிமிஷத்துலயே சொல்லிட்டேன். "அன்னிக்கு ஆபீஸ் கால் எல்லாம் வரலைங்க. எனக்கு ஆஸ்துமா. பம்ப் கார்ல இருந்துச்சு." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சாம்பிராணி ஒத்துக்காதுன்னு சொல்லியிருந்தா எடுத்து வெளிய வெச்சிருப்போமே" ன்னாங்க. அவ்ளோதான் பேச்சு. அவங்க வீட்டுலேர்ந்து இன்னும் பதில் வரல. வராமயே போகலாம். அம்மா என்கிட்ட ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. நேத்து காலைல மட்டும், நான் ஊருக்குக் கிளம்பும்போது, அவங்களே பம்பை எடுத்துட்டு வந்து சட்டைப் பாக்கெட்டுல வெச்சு விட்டாங்க.

உங்க வீட்டு டிராயர்லயும் போய்ப் பாருங்க மக்களே. எத்தனை நீலம் காலியா கிடக்குன்னு எண்ணிப் பாருங்க. மூணுக்கு மேல இருந்தா இந்த வாரமே டாக்டரைப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. எந்த மருந்து, எத்தனை பஃப்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். ஒரு வாக்கியத்தை முழுசா சொல்ல மூச்சு இல்லைன்னா, இந்தப் பதிவைப் படிச்சுக்கிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.